மார்கழிக் காலையும் சுக்கு நீரும்

சேலம் மாநகர் மலைகளின் நடுவே அமைந்தது. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. கோடையில் இந்நிலம் உலைக்களம்போலக் கொதிக்கும். மார்கழி பிறந்ததும் அதுவே வேறொரு கோலம் கொள்ளும். விடியற்காலையில் மலைகள் கண்ணுக்குத் தெரியா. தெருவிளக்குகளைச் சுற்றிப் பனி வெண்புகைபோல் படர்ந்திருக்கும். வெப்பமானி 18 டிகிரி செல்சியசு அளவில் நிற்கும். இதனைக் குளிர் என்றால் இமயமலையடியில் வாழ்வோர் நகைப்பர். ஆயினும் சித்திரையில் 40 டிகிரி வெயிலில் உழன்று பழகிய உடலுக்கு அக்குளிரே பெரிது. காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொள்ளாதவரை அவ்வேளையில் தெருவில் காண்பது அரிது.

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் மூடியிருக்கும் காலமும் அதுவே. வாயிலில் சாணமிட்டு, அதில் பூசணிப்பூவைச் செருகிக் கோலத்தின் நடுவில் வைக்கும் சிறுமியரைத் தெருதோறும் காணலாம். கோட்டை அழகிரிநாதர் கோயிலில் வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறப்பர். நாலுரோட்டில் உள்ள குழந்தை இயேசு பேராலயத்தை ஒட்டிய வீடுகளில் கிறித்துமசு விண்மீன் விளக்குகள் தொங்கும். நாமக்கல்லில் 18 அடி உயர ஆஞ்சநேயருக்கு 1,00,008 வடைகளைக் கோத்து மாலை சாத்துவதும் இம்மாதத்தில்தான். அதனைக் காணச் செல்லும் பிள்ளைகளின் கருத்து வடையின்மீது இருக்குமா, வழிபாட்டின்மீது இருக்குமா என்பதை நாம் ஆராய வேண்டுவதில்லை. இவற்றுக்கெல்லாம் பின்னே பொங்கல் வருகிறது.

இத்தகைய நாள் ஒன்றில் விடியுமுன்னரே செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்றிருந்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் கூடிய சந்தையால் பெயர் பெற்ற பேட்டை அது. அங்குள்ள லீ பஜாரில் மளிகைப் பொருள்களை ஏற்றி வந்த லாரிகள் வரிசையாக நின்றன. மூட்டை தூக்குவோர் வேலையைத் தொடங்குமுன் ஒரு மிதிவண்டியைச் சூழ்ந்து நின்றிருந்தனர். வண்டியின் பின்புறத்தில் குழாய் பொருத்திய பெரிய பாத்திரம் ஒன்றும், அதன் அடியில் கனலும் இருந்தன. முதியவர் ஒருவர் குழாயைத் திருகிக் குவளை குவளையாக நிரப்பிக் கொடுத்தார். இஞ்சியின் காரமும் கொத்தமல்லியின் மணமும் தெருக்கோடிவரை வீசின. அதுவே சுக்கு மல்லிக் காப்பி.

பெயரில் காப்பி உண்டேயன்றிப் பானத்தில் காப்பித்தூள் ஒரு துளியும் இல்லை. காப்பி நம் வீடுகளில் குடிபுகுந்தது இடைக்காலத்தில்தான். அதற்கு முன் காலையில் பலரும் அருந்தியது நீராகாரமே. காப்பி வந்து அதனைப் பின்தள்ளியபின், காலையில் சூடாகப் பருகும் எதற்கும் காப்பி என்பதே பொதுப்பெயராயிற்று. பாட்டிமார் கொதிக்கவைத்த சுக்கு நீரும் அப்பெயரை ஏற்றுக்கொண்டது போலும்.

உண்மையான காப்பியும் இந்நகருக்கு அயலானது அன்று. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைப் பயிரிடச் செய்தார். ஏற்காட்டுச் சரிவுகளில் வெள்ளியோக்கு மரங்களின் நிழலில் இன்றும் அது வளர்கிறது. குளிர்காலத்தில் பழம் சிவந்து பறிக்கும் பருவமாகிறது. கீழே நகரத்தார் குளிருக்காகக் காப்பியை நாடும் அதே வேளையில், மேலே மலையில் பெண்கள் கூடை சுமந்து பழம் பறித்துக்கொண்டிருப்பர்.

நாம் சுக்கு நீருக்குத் திரும்புவோம். சுக்கையும் கொத்தமல்லி விதையையும் சில மிளகுகளையும் இடித்து, நீரிலிட்டு, நீர் முக்கால் பங்காகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து, வெல்லமோ கருப்பட்டியோ கரைத்து வடிகட்டினால் பானம் ஆயிற்று. சிலர் திப்பிலியும் ஏலமும் சேர்ப்பர்; சிலர் துளசியிலை இடுவர். சுக்கின் மேல்தோலை நீக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லாப் பாட்டிமாரும் ஒருமித்த கருத்துடையர்.

பச்சை இஞ்சியைவிடச் சுக்கு ஏன் மிகுதியாகக் காரம் காட்டுகிறது? இஞ்சியிலுள்ள காரப்பொருள் உலரும்போது நீரை இழந்து வேறொரு பொருளாக மாறுகிறது. சப்பானியர் இஞ்சிக்கு வழங்கும் ‘ஷோகா’ என்னும் பெயரையொட்டி அதனை ‘ஷோகால்’ என்பர். அதன் காரம் முன்னையதைக் காட்டிலும் மிகுதி. இனி, அதனைப் பருகியதும் உடல் சூடேறுவதாக உணர்வது எதனால்? நாவிலும் தொண்டையிலும் வெப்பத்தை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் உள்ளன. மிளகாய், மிளகு, சுக்கு ஆகியவற்றின் காரப்பொருள்கள் அம்முனைகளையே தூண்டுகின்றன. சூடும் காரமும் ஒரே கதவைத் தட்டுகின்றன எனலாம். மிளகாயின் காரப்பொருளைக்கொண்டு இக்கதவைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசு என்னும் அமெரிக்க அறிஞர், 2021-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசை மற்றோர் அறிஞருடன் பகிர்ந்துகொண்டார். எனவே சுக்கு நீர் தரும் வெப்பத்தில் ஒரு பாதி அடுப்புக் கொடுத்தது; மறுபாதி நரம்பு கொடுத்தது.

அன்று முதியவர் கொடுத்த பானம் கருமைகலந்த செம்மண் நிறமாய் இருந்தது. வேறிடங்களில் நான் பருகியது பொன்னிறமாய் இருந்த நினைவு.

“பெரியவரே, இஃது ஏன் இவ்வளவு கறுத்திருக்கிறது?” என்று கேட்டேன்.

“வெல்லம் கறுப்பு, ஐயா. அதுதான் காரணம். இதைக் கண்டு அழுக்கு என்று எண்ணிக் குடியாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள்” என்றார் அவர்.

இவ்வொரு விடையில் ஒரு தொழிலின் வரலாறே அடங்கியிருந்தது. அதனை அறிய நாமக்கல் சமவெளிக்குச் செல்ல வேண்டும். நாமக்கல் 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தனி மாவட்டமாகுமுன் சேலம் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. அங்கே ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராஜவாய்க்கால் பரமத்திவேலூர் வட்டாரத்தை வளப்படுத்துகிறது. வாழையும் வெற்றிலைக்கொடியும் கரும்பும் அவ்வாய்க்காலின் மக்கள் என்னலாம். மார்கழியில் அவ்வழியே செல்வோர், வயல் நடுவே ஆலைக் கொட்டகைகளிலிருந்து எழும் புகையைக் காண்பர். பாகின் மணம் அதற்கு முன்னரே அவர்களை எதிர்கொள்ளும்.

ஆலையில் பிழிந்த சாற்றை அகன்ற இரும்புக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவர். பிழிந்த சக்கையே உலர்ந்து அடுப்புக்கு விறகாகிறது. சாறு கொதிக்கையில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதனை இடைவிடாது வழித்தெடுக்க வேண்டும். வெண்டைத் தண்டை நசுக்கி அதன் வழுவழுப்பான சாற்றை ஊற்றி அழுக்கைத் திரட்டும் பழைய முறையும் உண்டு. பாகு பதம் காண்பது கைதேர்ந்தவர் செயல். ஒரு துளியைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பர். சற்றுப் பிந்தினால் பாகு கருகும்; முந்தினால் வெல்லம் கசிந்து உருகும். பதம் வந்ததை இறக்கிக் கிளறி ஆற்றிக் கையால் உருண்டை பிடிப்பர். அச்சில் வார்த்தால் அச்சு வெல்லம். ஏறத்தாழ 10 கிலோ கரும்பிலிருந்து ஒரு கிலோ வெல்லமே கிடைக்கும். பின்னர் 30 கிலோ சிப்பங்களாகக் கட்டிப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குக் கொண்டு செல்வர். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையிலும் வெல்ல மண்டி உண்டு. பொங்கலை ஒட்டிய நாள்களில் அங்கே கால் வைக்க இடமிராது.

இவ்வாறு காய்ச்சிய வெல்லம் இயல்பாகவே பழுப்பு நிறம் உடையது. ஆனால் வாங்குவோர் கண் பொன்னிறத்தையே நாடுகிறது. அந்நிறத்தைத் தருவதற்காகச் சிலர் ‘ஹைட்ரோசு’ எனப்படும் வெளுப்பு மருந்தைப் பாகில் அளவின்றி இடுகின்றனர். அம்மருந்தால் வெளுத்த வெல்லம் வைக்க வைக்கக் காற்றுப்பட்டு மீண்டும் கறுப்பதும் உண்டு என்பது வேடிக்கை. வேறு சிலர் வெள்ளைச் சர்க்கரையை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கலக்கின்றனர். சர்க்கரை விலை வெல்லத்தின் விலையினும் தாழ்ந்திருக்கும்போது இக்கலப்படத்தில் ஊதியம் மிகுதி. பொங்கலுக்கு முன்னர் உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளைச் சோதித்துச் சர்க்கரை மூட்டைகளைக் கைப்பற்றிய செய்தி இவ்விரு மாவட்டங்களிலும் பலமுறை வந்துள்ளது. சர்க்கரை மூட்டை நுழைந்த ஆலைக்குக் கரும்பு குறைவாகவே வேண்டும். ஆகவே ஓராண்டு நீர் பாய்ச்சிக் கரும்பு வளர்த்த உழவனும் இழப்புக்குள்ளாகிறான். கலப்பற்ற வெல்லம் காய்ச்சியவனோ, நிறம் குறைந்தது என்பதற்காக ஏலத்தில் குறைந்த விலை கேட்கப்படுவதைப் பார்த்து நிற்கிறான். குற்றம் ஆலையில் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கடையில் மஞ்சள் உருண்டையைத் தேடி எடுக்கும் கை நம்முடையதே.

“பொன்னிற வெல்லத்தை நீரும் வாங்கலாமே, வாணிகம் பெருகுமே” என்றேன் முதியவரிடம்.

“ஓராண்டு வாங்கிப் பார்த்தேன், ஐயா. இந்த மூட்டைக்காரர்கள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். வெறும் இனிப்பாக இருக்கிறது, வெல்லத்தின் சுவை இல்லை என்று திட்டினார்கள்” என்று கூறி அவர் சிரித்தார்.

அதற்குள் கிழக்கே கோதுமலைப் பக்கம் வெளுத்தது. குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூட்டைக்காரர்கள் லாரியின் பின்கதவைத் திறந்தனர். முதியவர் கனலின்மேல் சாம்பலைத் தள்ளி மூடினார். நெசவாளர் மிகுந்த குகைப் பகுதிக்குத் தறி ஓசை தொடங்குமுன் சென்று சேர வேண்டும் என்று சொல்லி, மணியை அடித்துக்கொண்டு பனிக்குள் வண்டியைச் செலுத்தினார்.