எல்லாரும் ஏறியாயிற்றா?

தைப்பூசம் முடிந்து, பத்துமலையிலிருந்து நெகிரி செம்பிலான் தோட்டத்திற்கு ஒரு குடும்பம் இரண்டு வேன்களில் திரும்புகிறது என வைத்துக்கொள்வோம். தம்பி பெரியப்பாவின் வேனில் இருப்பதாக அம்மா நினைக்கிறார். அம்மாவோடு இருப்பதாகப் பெரியப்பா நினைக்கிறார். தம்பியோ கோயில் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருக்கிறான்!

பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரன் குடும்பத்திலும் இவ்வாறே நடந்தது. உணவு விடுதியில் எட்டு வயது மகளை மறந்துவிட்டு, பெற்றோர் வெவ்வேறு கார்களில் புறப்பட்டனர். 2012இல் இச்செய்தி உலகெங்கும் பரவியது.

இதற்குக் காரணம் அன்புக் குறைவு அன்று. ‘மற்றவர் பார்த்துக்கொள்வார்’ என்னும் எண்ணமே. சிரிப்பூட்டும் இம்மறதி, பூட்டிய காருக்குள் குழந்தை இருந்தால் உயிரையே பறித்துவிடும். ஆகவே, புறப்படும் முன் ஒருவர் பொறுப்பேற்று, பெயர் சொல்லி எண்ண வேண்டும். எண்ணுபவர், பரமார்த்த குருவின் சீடரைப்போல் தம்மை விட்டுவிட்டு எண்ணக் கூடாது!