அரசுப் பள்ளி ஆசிரியர்களின் நன்னடத்தை நெறிகள்: அறிதலும் கடைப்பிடித்தலும்

முன்னுரை

அரசுப் பள்ளி ஆசிரியர் ஓர் அரசு ஊழியர். அதே வேளையில் குழந்தைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றவர். இவ்விரு நிலைகளும் வெவ்வேறு கடமைகளை அவர்மீது சுமத்துகின்றன. இந்நெறிகளை அறிந்திருத்தலுக்கும் கடைப்பிடித்தலுக்கும் இடையே இடைவெளி தோன்றும் விதத்தைத் தமிழ்நாட்டுச் சூழலில் இக்கட்டுரை விளக்குகிறது.

நெறிகளின் மூலங்கள்

1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் பரிசு பெறுதல், சொத்து வாங்குதல், அரசியலில் ஈடுபடுதல், வேலைநிறுத்தம் முதலியவற்றை நெறிப்படுத்துகின்றன. இவை பல துறை ஊழியர்களுக்கும் பொதுவானவை. குழந்தையை மையமாகக் கொண்ட கடமைகளைப் பின்வந்த சட்டங்களே தெளிவாக வகுத்தன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல்சார் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் பிரிவு 17இல் தடைசெய்கிறது. நேரந்தவறாமை, பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடித்தல், பெற்றோரைச் சந்தித்தல் ஆகியவற்றைப் பிரிவு 24 கடமையாக்குகிறது. ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்துவதைப் பிரிவு 28 விலக்குகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இவற்றினும் கடுமையான ஒரு கடமையைச் சேர்த்தது.

இடைவெளி தோன்றும் இடம்

மாணவி ஒருத்தி தனக்கு நேர்ந்த பாலியல் துன்பத்தை வகுப்பாசிரியரிடம் கூறுவதாகக் கொள்வோம். ஆசிரியர் அதனைத் தலைமையாசிரியரிடம் தெரிவித்துவிட்டு, தம் கடமை முடிந்ததெனக் கருதலாம். எதனையும் மேலதிகாரி வழியாகவே அனுப்பப் பழகிய நிருவாக மரபில் இது இயல்பான செயலே. ஆனால் போக்சோ சட்டத்தின் பிரிவு 19, குற்றத்தை அறிந்த எவரும் காவல் நிலையத்திற்கோ சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவிற்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவோர்க்குப் பிரிவு 21 ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. தம்கீழ்ப் பணிபுரிபவர் இழைத்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளர்க்குச் சிறைக்காலம் ஓராண்டு வரை நீளலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தருவோர்க்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

மேற்கண்ட ஆசிரியர் போக்சோ சட்டத்தை அறியாதவர் அல்லர்; அச்சட்டம் தம்மிடம் எதிர்பார்க்கும் செயலையே அறியாதவர். பணிவிதிகள் கற்பித்த படிநிலை ஒழுங்கு, குழந்தையின் பாதுகாப்புக்கான நேரடிக் கடமையை மறைத்துவிடுகிறது.

ஆய்வுக்கும் பயிற்சிக்கும் உரியவை

ஆகவே, “இவ்விதியை அறிவீர்களா?” என்ற வினாவுக்குக் கிடைக்கும் “ஆம்” என்னும் விடை விழிப்புணர்வின் அளவுகோலாகாது. கடைப்பிடித்தலையும் ஆசிரியரின் தற்கூற்றைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. விரும்பத்தக்க விடையையே கூறும் போக்கு அதில் இயல்பாக நுழையும். ஒரு சூழலை விவரித்து, “யாரிடம், எப்போது, எவ்வாறு தெரிவிப்பீர்கள்?” என வினவும் கருவி கூடுதல் தெளிவைத் தரும். பணியிடைப் பயிற்சிகளும் விதிகளை வாசித்துக் காட்டுவதோடு நில்லாமல் இத்தகைய சூழல்களை முன்வைத்து நிகழ்தல் வேண்டும்.

முடிவுரை

நடத்தை விதிகள் ஆசிரியரை அரசுக்குப் பொறுப்புடையவராக்குகின்றன. கல்வி உரிமைச் சட்டமும் போக்சோ சட்டமும் குழந்தைக்குப் பொறுப்புடையவராக்குகின்றன. இவ்விரண்டும் முரண்படுவதுபோல் தோன்றும் வேளையில் குழந்தையின் பக்கம் நிற்பதே சட்டத்திற்கும் அறத்திற்கும் உடன்பாடானது என்ற தெளிவை ஆசிரியர் பெறுதலே உண்மையான விழிப்புணர்வாகும்.