பொதுச் சொல்

இலண்டன் மாநகரில் லார்ட்ஸ் என்னும் புகழ்மிக்க ஆடுகளம் ஒன்று உண்டு. அதற்கு உரிமை பூண்ட மேரிலிபோன் கிரிக்கெட் கழகம் 1787-ஆம் ஆண்டில் தோன்றியது. கிரிக்கெட் ஆட்டத்தின் விதிகளை வகுத்துக் காத்துவரும் பொறுப்பும் அக்கழகத்தையே சார்ந்தது. எந்நாட்டில் எவர் ஆடினும், விதிநூலில் ஒரு சொல் மாறவேண்டுமாயின் அக்கழகமே அதனை மாற்றுதல் வேண்டும். அத்தகைய கழகம் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆடுதளத்தின் நீளத்தையோ, பந்தின் எடையையோ, விக்கெட்டின் உயரத்தையோ அவ்வறிவிப்புத் தொடவில்லை. 'பேட்ஸ்மேன்' என்று விதிநூலில் இருந்த இடமெல்லாம் இனிப் 'பேட்டர்' என்று வழங்கும் என்பதே அதன் சாரம்.

ஒரு சொல்லை மாற்றுதற்கு இத்துணை முயற்சி எதற்கு என்று வினவியோர் பலர். ஆட்டத்தில் மூவகைத் தொழில் உண்டு. பந்து வீசுபவர் பவுலர் எனப்பட்டார்; களத்தில் நின்று பந்தைத் தடுப்பவர் பீல்டர் எனப்பட்டார். இவ்விரு சொற்களும் ஆணையும் சுட்டா, பெண்ணையும் சுட்டா; தொழிலை மட்டுமே சுட்டும். மட்டை பிடிப்பவர்க்கு உரிய சொல்லில் மட்டும் 'மேன்' என்னும் இறுதிநிலை வந்து ஒட்டிக்கொண்டது. ஆங்கிலத்தில் 'மேன்' என்பது ஆடவன் என்று பொருள்படும். ஆகவே சதம் அடித்த நங்கை ஒருத்தியையும் 'மட்டையாடவன்' என்று குறிக்க வேண்டிய நிலை நெடுங்காலம் இருந்து வந்தது.

இதற்கு மறுமொழி கூறுவோரும் உளர். 'மேன்' என்பது ஆடவனை மட்டும் குறிப்பதன்று, மக்கட் குலம் முழுவதையும் குறிக்கும் பொதுச் சொல்லும் ஆம் என்பர் அவர். இக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ஆள் என்னும் பொதுப்பொருளே தந்தது. ஆடவனுக்கு 'வெர்' என்றும், பெண்ணுக்கு 'வீஃப்' என்றும் தனிச் சொற்கள் இருந்தன. 'வீஃப்' என்பதனோடு 'மேன்' சேர்ந்து பிறந்ததே இன்று பெண்ணைக் குறிக்கும் 'உமன்' என்னும் சொல். காலப்போக்கில் 'வெர்' வழக்கொழிந்தது. அதன் இடத்தையும் 'மேன்' கைப்பற்றிக்கொண்டது. அன்றுமுதல் ஒரே சொல் சில வேளை அனைவர்க்கும் பொதுவாயும், சில வேளை ஆணுக்கே உரியதாயும் நின்று மயங்கலாயிற்று.

இம்மயக்கத்தால் விளையும் கேடு யாது? ஏட்டில் பொதுவாய் நின்ற சொல், உரிமை பங்கிடும் வேளையில் பொதுவாய் நிற்குமா என்பதே கேள்வி. இதற்கு விடை விளையாட்டுக் களத்தில் அன்று, ஆங்கில நாட்டுப் பாராளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் கிடைக்கின்றது.

1867-ஆம் ஆண்டில் வாக்குரிமையை விரிவாக்கும் சட்டமுன்வரைவு ஒன்று அப்பாராளுமன்றத்தில் ஆராயப்பட்டது. வாக்களிக்கத் தக்கவரைக் குறிக்கும் இடத்தில் 'மேன்' என்னும் சொல் இருந்தது. தத்துவப் பேரறிஞரும் அவை உறுப்பினருமாகிய ஜான் ஸ்டூவர்ட் மில், அதனை நீக்கி 'ஆள்' என்று பொருள்படும் 'பர்சன்' என்னும் சொல்லை அமைக்குமாறு திருத்தம் கொணர்ந்தார். திருத்தத்துக்கு ஆதரவாக 73 வாக்குகளும் எதிராக 196 வாக்குகளும் விழுந்தன. 'மேன்' நிலைத்தது. ஆயினும் மகளிர் சிலர் மனந்தளரவில்லை. சட்டத்தில் ஆண்பாற் சொல் வருமிடத்து வெளிப்படையாக விலக்கு இல்லையாயின் அது பெண்ணையும் தழுவும் என்று 1850-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் கூறியிருந்தது. அதனைத் துணைக்கொண்டு மான்செஸ்டர் நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தம் பெயரை வாக்காளர் பட்டியலிற் சேர்க்குமாறு வேண்டினர். 1868-இல் வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. வாக்குரிமையைப் பொறுத்தமட்டில் 'மேன்' என்னும் சொல் பெண்ணைத் தழுவாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

வரி செலுத்துதற்கும் தண்டனை பெறுதற்கும் பொதுவாய் இருந்த சொல், வாக்களித்தற்கு மட்டும் ஆண்பாலாய் ஒடுங்கிற்று. ஆங்கில நாட்டில் பெண்டிர்க்கு ஆடவரோடு ஒத்த வாக்குரிமை கிட்டியது 1928-ஆம் ஆண்டிலேதான். ஒரு சொல்லின் பொருளுக்காக மக்கள் அறுபது ஆண்டுகள் காத்திருந்தனர் என்று கூறினும் தவறாகாது.

இந்நிகழ்ச்சியை மனத்திற் கொண்டால், ஹன்சா மேத்தா அம்மையார் ஆற்றிய தொண்டின் அருமை விளங்கும். சூரத் நகரிற் பிறந்த அவ்வம்மையார் இந்திய அரசியல் நிருணய சபையின் உறுப்பினராய் இருந்தவர். ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பேரறிக்கையை வரைந்தபோது, அதற்கென அமைந்த குழுவில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தார். அறிக்கையின் முதற்பிரிவு, பிறப்பால் அனைவரும் சமம் என்னும் கருத்தை 'மேன்' என்பதன் பன்மைச் சொல்லால் கூறியிருந்தது. அச்சொல் மகளிரையும் தழுவும் என்றே குழுத்தலைவராகிய எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரும் முதலில் எண்ணினார். சில நாடுகள் அதனைச் சாக்காக்கிப் பெண்களை விலக்கிவிடக் கூடும் என்று எடுத்துரைத்தவர் ஹன்சா மேத்தா. 1948-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் பேரறிக்கை நிறைவேறியபோது, ஆடவர் என்னும் பொருட்கு இடமுள்ள சொல் அகன்று, மானிடர் அனைவரையும் ஐயமின்றிச் சுட்டும் தொடர் அங்கே இடம்பெற்றிருந்தது.

இனி, ஆடுகளத்துக்கு மீள்வோம். கிரிக்கெட்டில் மகளிர் புகுந்தது நேற்று இன்று அன்று. மகளிர்க்குரிய முதல் டெஸ்ட் ஆட்டம் 1934-இல் பிரிஸ்பேன் நகரில் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே நடைபெற்றது. உலகக் கோப்பைப் போட்டியை முதலில் நடத்தியோரும் மகளிரே. அது நிகழ்ந்தது 1973-இல். ஆடவர் தம் முதற்போட்டியை நடத்தியது ஈராண்டு கழிந்து 1975-இல். ஆயினும் பின்வந்தது வெறுமனே 'உலகக் கோப்பை' எனப்பட்டது. முன்வந்ததோ 'மகளிர் உலகக் கோப்பை' எனப்பட்டது. அடைமொழி யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டா என்பதனை வழக்கம் முடிவு செய்ததேயன்றி வரலாறு முடிவு செய்யவில்லை. அண்மையிலேதான் இது நேராயிற்று. 2023-இல் இந்தியாவில் நடந்த போட்டி 'ஆடவர் கிரிக்கெட் உலகக் கோப்பை' என்றே பெயர் தாங்கியது.

லார்ட்ஸ் களத்தில் மகளிர் அணிகள் முதன்முதல் ஆடியது 1976-இல். அக்கழகத்தின் உறுப்பினராய்ச் சேரும் உரிமையோ இன்னும் தாமதித்தது. 1998-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிட்டாமையால் அம்முயற்சி தோற்றது; அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் வாக்கெடுத்தபோதுதான் வென்றது. கழகம் தோன்றி 211 ஆண்டுகள் கழிந்தபின் அதன் கதவு மகளிர்க்குத் திறந்தது. 2017-இல் விதிநூலைப் புதுக்கி எழுதியபோதே 'பேட்ஸ்மேன்' என்னும் சொல்லை மாற்றலாமா என்று ஆராய்ந்தனர். மகளிர் கிரிக்கெட்டில் தலைநின்றோரையும் கலந்தே, பழஞ்சொல் இருக்கட்டும் என்று அப்போது விட்டனர். நான்கே ஆண்டுகளில் வழக்கு மாறிவிட்டது. ஆட்டத்தைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் தாமாகவே 'பேட்டர்' என்று சொல்லத் தலைப்பட்டனர். உலகவழக்கு முன்னே செல்ல, விதிநூல் பின்னே சென்றது. இலக்கியம் கண்டதற்கு இலக்கணம் இயம்புவது எம்மொழிக்கும் இயல்பே.

டென்னிஸ் ஆட்டத்திலும் இத்தகைய செய்திகள் உண்டு. விம்பிள்டன் அரங்கில் வென்றோர் பெயரைப் பொறித்த பலகைகள் உள்ளன. கிறிஸ் எவர்ட் என்னும் அமெரிக்க வீராங்கனை 1974, 1976, 1981 ஆகிய ஆண்டுகளில் அங்கே பட்டம் வென்றார். முதல் இருமுறையும் அவர் தம் பெயரே பொறிக்கப்பட்டது. மூன்றாம் முறை வென்றபோது அவர் மணமானவர். எனவே பலகையில் 'மிஸஸ் ஜே. எம். லாயிட்' என்று எழுதினர். ஜே. எம். என்பன அவர் கணவரின் பெயரெழுத்துகள்! பந்தாடி வென்றவர் ஒருவர், பலகை ஏறிய பெயர் மற்றொருவருடையது. ஆடவர் பலகையிலோ மணமானவர், மணமாகாதவர் என்னும் வேறுபாடே இல்லை. 2022-ஆம் ஆண்டிலே இவ்வடைமொழிகள் மகளிர் பலகையினின்றும் நீங்கின.

அதே அரங்கில் 2017-ஆம் ஆண்டு ஆண்டி மரே என்னும் ஸ்காட்லாந்து வீரர், சாம் குவெரி என்னும் அமெரிக்கரிடம் கால் இறுதியில் தோற்றார். பின்னர்ச் செய்தியாளர் ஒருவர், 2009-க்குப் பின் பெரும்போட்டி ஒன்றின் அரையிறுதியை எட்டிய முதல் அமெரிக்க ஆட்டக்காரர் குவெரியே என்று தொடங்கி ஏதோ வினவ முற்பட்டார். மரே இடைமறித்து, 'ஆண் ஆட்டக்காரர்' என்று திருத்தினார். அவ்விடைக்காலத்தில் செரீனா வில்லியம்ஸ் அரையிறுதி மட்டுமன்றிப் பட்டமே பலமுறை வென்றிருந்தார். 'ஆட்டக்காரர்' என்பது பொதுச் சொல்லே; அதனை உரைத்தவர் உள்ளத்தில் ஆடவர் மட்டுமே நின்றனர். தோல்வியின் வருத்தத்திலும் மரேயின் செவி அப்பிழையை உடனே உணர்ந்தது வியத்தற்குரியது.

பொதுச் சொல் இவ்வாறு ஒருபாலை ஒழித்து நிற்கும் தன்மையைத் தமிழ் இலக்கணம் நெடுநாட்கு முன்னரே கண்டறிந்தது. இருபாற்கும் உரிய சொல், உடன்வரும் பெயராலோ வினையாலோ ஒருபாலை விலக்கி மற்றதற்கே உரியதாதலை உரையாசிரியர் ஆணொழி மிகுசொல், பெண்ணொழி மிகுசொல் என இருவகைப்படுத்தினர். 'இவர்' என்பது பொது. 'வாழ்க்கைப்பட்டார்' என்னும் வினை சேர்ந்தால் அது பெண்ணையே குறிக்கும். அங்கே வினை விலக்கிற்று. விம்பிள்டனில் வினையும் விலக்கவில்லை, பெயரும் விலக்கவில்லை; பேசியவர் நினைவு விலக்கிற்று. இதற்கு இலக்கணத்தில் பெயர் இல்லை.

தமிழில் ஆண்பால், பெண்பால் என்னும் பிரிவு மிகத் தெளிவானது. அவன், அவள் என்று சொன்ன அளவிலேயே பால் விளங்கிவிடும். எனினும் அப்பிரிவைக் கடக்கும் வழியும் மொழியின் உள்ளேயே அமைந்துள்ளது. 'ஒருவர்' என்னும் சொல் இருபாற்கும் உரியது என்றும், அது பன்மை வினை கொள்ளும் என்றும் தொல்காப்பியர் கூறினார். ஒருவரைப் பன்மையாற் கூறுவது உயர்த்திச் சொல்லும் உலகவழக்கு என்றும் அவர் குறித்தார். எனவே மதிப்புத் தரும் 'அர்' விகுதியே பால் வேற்றுமையை மறைக்கும் விகுதியாகவும் பயன்படுகின்றது. மாணவன், மாணவி இருவரும் மாணவர். தலைவன், தலைவி இருவரும் தலைவர். சங்கப் புலவருள் ஔவையார், ஒக்கூர் மாசாத்தியார், பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார் முதலிய மகளிர் பலர் உளர். ஆடவராகிய நக்கீரனார்க்கு வழங்கிய 'ஆர்' விகுதியே இவர்க்கும் வழங்கிற்று. இதனால் சில பெயர்கள் ஆடவர்க்கு உரியனவோ மகளிர்க்கு உரியனவோ என்று ஆராய்ச்சியாளர் இன்றும் கருத்து வேறுபடுவர்! 'பெண்பாற் புலவர்' என்னும் தொடர் பின்னாளில் நூல்களில் பெருகிற்று; 'ஆண்பாற் புலவர்' என்று எவரும் தலைப்பிட்டு எழுதக் காணோம்.

'பேட்ஸ்மேன்' என்பதற்குத் தமிழில் அமைந்த 'மட்டையாளர்' என்னும் சொல்லும் இவ்வகையதே. ஆளன் ஆண்பால், ஆட்டி பெண்பால், ஆளர் இருவர்க்கும் பொது. மணவாளன், மணவாட்டி என்னும் சொற்களில் முன்னிரண்டையும் காணலாம். ஆங்கிலேயர் 2021-இல் அடைந்த இடத்தில் தமிழ்ச்சொல் முன்னமே நின்றது. ஆனால் பேச்சு வழக்கும் செய்தித்தாள் வழக்கும் எப்போதும் இவ்வளவு நடுநிலையாய் இருந்தன என்று சொல்லவியலாது. கதை நூல்கள் பலவற்றில் கணவர் 'வந்தார்', மனைவி 'வந்தாள்'. இருவர்க்கும் 'அர்' விகுதி இருந்தும் ஒருவர்க்கே அது கிட்டிற்று. வீட்டுப் பணிகளைச் செய்பவரை 'இல்லத்தரசி' என்று ஏற்றிக் கூறுவதும் உண்டு. அரியணை எங்கே என்று கேட்டால் அடுக்களையைத்தான் காட்டவேண்டும். இந்திய உச்ச நீதிமன்றம் 2023-இல் வெளியிட்ட கையேடு ஒன்று, மனைவி என்னும் பொருள் பொதிந்த 'ஹவுஸ்வைஃப்' என்னும் ஆங்கிலச் சொல்லை விடுத்து, இல்லத்தைப் பேணுபவர் என்று பொருள்படும் 'ஹோம்மேக்கர்' என்பதனை நீதிபதிகள் ஆளுமாறு கூறிற்று. அப்பணியை ஆணும் செய்யலாம் என்பது அச்சொல்லிலேயே பெறப்படும்.

விளையாட்டுச் செய்திகளில் வழங்கும் சொற்களுள் ஆராய்தற்கு உரியது 'ஆட்டநாயகன்' என்பது. 'மேன் ஆஃப் த மேட்ச்' என்னும் ஆங்கிலத் தொடரைத் தழுவி வந்த சொல் அது. மூலத்தில் இருந்த 'மேன்' இன்று சர்வதேச ஆட்டங்களில் வழக்கொழிந்து, ஆட்டக்காரர் எனப் பொருள்படும் 'பிளேயர்' அவ்விடத்தில் அமர்ந்துவிட்டது. தமிழில் அதன் நிழலாகிய 'நாயகன்' மட்டும் இன்னும் நிற்கின்றது. 2025-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் நவி மும்பையில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று முதன்முதலாக உலகக் கோப்பையைக் கைக்கொண்டது. இறுதியாட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஷபாலி வர்மா. தொடர் முழுவதற்கும் சிறந்தவர் தீப்தி சர்மா. 'ஆட்டநாயகி' என்று எழுதினால் இங்கே இடர் தீரும். ஆயின் ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் டென்னிஸ், இறகுப்பந்து ஆகியவற்றின் கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் விருது யாருக்கு என்று முன்னரே தெரியாது; கேடயத்தில் பெயர்ப் பட்டயம் மட்டும் முன்னரே பொறிக்கப்பட வேண்டும். அங்கே நாயகனும் பொருந்தாது, நாயகியும் பொருந்தாது. 'ஆட்டநாயகர்' என்று பொறித்தால் எவர் வென்றாலும் பொருந்தும்.