பத்திரம் கையில், மனை யாருடையது?
பெங்களூரில் வீடு, மனை வாங்குவோர் கவனத்துக்கு...

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரம் கையில் இருந்தால் சொத்து தமக்கே உரியது என்பது பெரும்பாலோரின் நம்பிக்கை. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஒரு பரிமாற்றம் நடந்ததைப் பதிவு செய்கிறதே தவிர, விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு உத்தரவாதம் அளிப்பதில்லை. பிகார் தொடர்பான வழக்கு ஒன்றில் 2025 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், பதிவுக்கும் உரிமைக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியது.

அந்த இடைவெளியில் விழுந்தவர்களைக் காண வேண்டுமானால் பெங்களூருக்குச் செல்ல வேண்டும். ஆலைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் உழைத்த தமிழர்கள் முதல் இன்றைய மென்பொருள் ஊழியர்கள் வரை, இந்நகரில் குடியேறியோரில் பலர் தமது வாழ்நாள் சேமிப்பை மனையிலும் அடுக்குமாடி வீட்டிலும்தான் போட்டிருக்கின்றனர்.

வரி உண்டு, அங்கீகாரம் இல்லை: 2007-இல் சுற்றியிருந்த 7 நகராட்சிகள், ஒரு பேரூராட்சி, 110 கிராமங்கள் ஆகியவற்றை இணைத்துப் பெருநகர மாநகராட்சி உருவாக்கப்பட்டது. விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றாமலும், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் பெறாமலும் துண்டுகளாக விற்கப்பட்ட 'ரெவின்யூ சைட்'கள் அக்கிராமங்களில் மலிந்து கிடந்தன. அவற்றை அங்கீகரிக்க முடியாது; வரியை இழக்கவும் மனமில்லை. எனவே தனிப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. அதுவே 'பி காத்தா'. காத்தா என்பது சொத்துவரிக் கணக்கு. உரிமை ஆவணம் அன்று. 'ஏ காத்தா'வுக்கும் இது பொருந்தும். 'பி' பதிவேட்டில் உள்ளவர்களோ, வரி செலுத்தியும் கட்டட அனுமதி கிடைக்காமலும், பல வங்கிகளில் கடன் மறுக்கப்பட்டும் அல்லல்பட்டனர்.

விதிமீறல்களை வரன்முறைப்படுத்தும் 'அக்ரம - சக்ரம' திட்டத்தை 2016 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் 2025 அக்டோபரில், பி காத்தாவை ஏ காத்தாவாக மாற்றும் திட்டத்தை மாநில அரசு அறிவித்தபோது, வழிகாட்டி மதிப்பில் 5 சதவீதத்தைக் கட்டணமாக நிர்ணயித்தது. மனைப்பிரிவை முறைகேடாகப் போட்டவர் லாபத்துடன் சென்றுவிட்டார். அதைக் கண்டும் காணாமலிருந்த அதிகாரி ஓய்வும் பெற்றிருப்பார். கட்டணம் மட்டும் வாங்கியவர் தலையில்!

2016 ஆகஸ்டில் அவனி சிருங்கேரி நகரில் நடந்தது இதைவிடக் கொடியது. 'ராஜகாலுவே' எனப்படும் மழைநீர்க் கால்வாய் சென்ற இடம் என்று கூறி, மாநகராட்சி அங்கு வீடுகளை இடித்தது. அனுமதி வரைபடம், வரி ரசீது, வங்கிக் கடன் அனைத்தும் இருந்தன என்று குடியிருந்தோர் முறையிட்டனர். கட்ட அனுமதித்த அமைப்பே இடிக்க வந்ததுதான் வேதனை. வீடு இடிந்தாலும் கடன் தவணை நிற்காது.

பார்க்க வேண்டிய ஆவணங்கள்: ஆகவே, வங்கி கடன் தருகிறது என்பதையே நற்சான்றாகக் கொள்ளலாகாது. வங்கியின் வழக்குரைஞர் பார்ப்பது வங்கியின் பாதுகாப்பை. தமக்கென ஒரு வழக்குரைஞரை வைத்துக்கொள்வதே நலம். தாய்ப் பத்திரம் தொடங்கி இன்றுவரையிலான தொடர்ச்சி, குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றிதழ், நிலப் பயன்பாட்டு மாற்ற ஆணை, மனைப்பிரிவு ஒப்புதல் ஆகியவை இன்றியமையாதவை. இவற்றுடன் பழைய கிராம வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். ஏரியும் கால்வாயும் எங்கிருந்தன என்பதை அதுதான் சொல்லும். மாநில நில அளவைத் துறையின் 'திஷாங்க்' செயலியிலும் சர்வே எண்ணைச் சரிபார்க்கலாம்.

பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் மனையை வாங்குவது இந்நகரில் நெடுநாள் பழக்கம். அதனால் உரிமை மாறாது என்று 2011 அக்டோபரிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. நிலம் முன்பு தலித் அல்லது பழங்குடிக் குடும்பத்துக்கு அரசு வழங்கியதா என்பதையும் அறிய வேண்டும். அத்தகைய நிலத்தை முன் அனுமதியின்றி வாங்கினால், 1978-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டப்படி அது மீட்கப்பட்டு உரியவரிடமே ஒப்படைக்கப்படும். 2023-இல் வந்த திருத்தம், இதற்குக் கால வரம்பு இல்லை என்றாக்கியது. சட்டம் நியாயமானது, விசாரிக்காமல் வாங்குவதுதான் தவறு.

அடுக்குமாடி வீடு எனில் ரெரா பதிவு முதல் நிபந்தனை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேலாகவோ கட்டப்படும் திட்டங்களை 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வசூலாகும் தொகையில் 70 சதவீதம் அத்திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டுக்குக் குடிபுகு சான்றிதழ் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அச்சான்றைப் பார்த்த பின்னரே வங்கிகள் கட்டடத்தின் மீது கடன் தர வேண்டும், மின், குடிநீர் இணைப்புகளும் அதன் பின்னரே என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதையடுத்து, சான்றிதழ் இல்லாத ஏராளமான கட்டடங்கள் கர்நாடகத்தில் மின் இணைப்புக்குக் காத்துக் கிடக்க நேர்ந்தது.

கடனும் கணக்கும்: ரூ.60 லட்சம் விலையுள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரையிலான கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதமே ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் உச்சவரம்பு. எனவே கடன் ரூ.48 லட்சம், கைப்பணம் ரூ.12 லட்சம். முத்திரைத் தீர்வை, மேல்வரிகள், 2025 ஆகஸ்ட் இறுதியில் இரு மடங்காக்கப்பட்ட பதிவுக் கட்டணம் ஆகியவை சேர்ந்து 7.6 சதவீதம், அதாவது ஏறத்தாழ ரூ.4.5 லட்சம். இதற்குக் கடன் கிடைக்காது. கட்டுமானத்தில் உள்ள வீடானால் ஜிஎஸ்டி 5 சதவீதம் வேறு. குடிபுகு சான்றிதழ் பெற்ற வீட்டுக்கு அது இல்லை. ஆக, கையில் ரூ.17 லட்சமாவது இல்லாமல் இறங்கக் கூடாது.

8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் ரூ.41,650. மொத்தம் செலுத்துவது கிட்டத்தட்ட ஒரு கோடி ரூபாய். அந்த வீட்டை மாதம் ரூ.20 ஆயிரம் வாடகைக்கு விட்டால் கிடைப்பது ஆண்டுக்கு 4 சதவீதம்தான். சொத்து வரியும் பராமரிப்பும் அதிலேயே கழியும். வாடகையே கடனை அடைத்துவிடும் என்று தரகர் கூறினால், இந்தக் கணக்கை அவரிடம் காட்டலாம். குடியிருக்க வாங்குவது வேறு. முதலீடு என்று வாங்குபவர் விலை உயர்வை மட்டுமே நம்பி நிற்கிறார். மாறும் வட்டிக் கடனை இடையில் அடைக்கும் தனிநபருக்கு வங்கிகள் அபராதம் விதிக்க முடியாது என்பதால், உபரிப் பணம் வரும்போதெல்லாம் அசலைக் குறைப்பதே புத்திசாலித்தனம்.

சாவி வாங்கிய பின்: 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, பெங்களூரு லாரித் தண்ணீருக்கு அலைந்தது. 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் அவ்வாண்டு அக்டோபரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி இணைப்பு உண்டா, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்மையில் இயங்குகிறதா என்பதை நேரில் பார்த்தறிய வேண்டும். மாதப் பராமரிப்புக் கட்டணம் அதைப் பொறுத்தே ஏறும். கட்டமைப்பில் குறை தெரிந்தால் ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் வரை கட்டுநர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். வாய்மொழிப் புகார் பயன் தராது. குடியிருப்போர் சங்கம் வழியாக எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். பொதுவிடங்களைச் சங்கத்தின் பெயருக்கு எழுதித் தருவதும் கட்டுநரின் கடமையே.

கடன் முழுதும் அடைந்ததும் மூலப் பத்திரங்களை 30 நாள்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் வந்த பிறகு, அடமானம் நீங்கியது வில்லங்கச் சான்றிதழிலும் பதிவாகியுள்ளதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.