பழைய ஓபோவுக்கு ஒரு பரீட்சை

மலிவான புதியதைவிட நல்ல பழைய வாத்தியம் மேல். ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் வாங்க முடியாது

சிம்பனி கச்சேரி தொடங்கும் முன் வயலின் முதல் டிரம்பெட் வரை எல்லோரும் சுருதி சேர்ப்பது ஓபோ தரும் ‘ஏ’ ஸ்வரத்தை வைத்து. ஷெனாய், நாகஸ்வரம் போலவே சீவாளி பொருத்தி ஊதும் வாத்தியம் இது. கொல்கத்தாவில் மேற்கத்திய இசைப் பள்ளி 1915இலேயே தொடங்கியது. மும்பையில் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா 2006இல் உருவானது. ஆனாலும் கிதாரும் கீபோர்டும் அடுக்கிய நம் கடைகளில் ஓபோ கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

எனவே பெற்றோர் இணையத்தில் தேடுகிறார்கள். பெயர் தெரியாத கம்பெனியின் பளபளக்கும் புது ஓபோ சல்லிசாகக் கிடைக்கிறது. பொறி அதுதான். சுருதி நிற்காத வாத்தியத்தோடு போராடும் மாணவருக்குத் தவறு தன்னுடையதா, குழலுடையதா என்று தெரியாது. தனக்கு இசை வராது என்று முடிவு கட்டிவிடுவார்.

பாரிஸின் லோரே, லண்டனின் ஹோவர்த், அமெரிக்காவின் ஃபாக்ஸ், ஜப்பானின் யமஹா போன்ற பெயர்கள் உள்ள பழைய ஓபோ இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். புதிதாக வாங்கினால் தொழில்முறை ஓபோ பல லட்சம் ரூபாய்.

ஆனால் பெயர் மட்டும் போதாது. முதல் பகை விரிசல். ஈட்டி மரத்தின் ஆப்பிரிக்க உறவான கிரெனடில்லாவில் செய்த மேல் துண்டு, டெல்லியின் குளிர்காலக் காலையில் சூடான மூச்சு உள்ளே பட்டதும் வெடிக்கலாம். பல ஆண்டுகள் வாசித்தும் வெடிக்காத மரம் ஓரளவு பக்குவப்பட்டது. பழையதற்கு இது ஒரு பெருமை. ஊசி அடித்துச் சரிசெய்த விரிசலைக் கண்டு அலறவும் தேவையில்லை. ஸ்வரத் துளையைக் கடந்து ஓடும் விரிசல்தான் வம்பு.

மேல் துண்டின் துளைகளை மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்துக் காற்றை உறிஞ்சினால் வெற்றிடம் சில விநாடி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ கசிவு. ஆனால் கீழ் ஸ்வரங்கள் பேசாத ஓபோ செத்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. கீகளை இணைக்கும் குட்டித் திருகாணிகளில் ஒன்று கால் சுற்று பிசகினாலே இந்தக் கதிதான். மெக்கானிக் கையில் சில நிமிட வேலை. அந்த மெக்கானிக் இங்கே கிடைப்பது வேறு விஷயம்.

இடது கை ‘எஃப்’ கீயும், கீழ் ‘பி ஃபிளாட்’டும் இருக்கின்றனவா என்று கேட்பது அவசியம். ஆரம்பநிலை மாடல்கள் சிலவற்றில் இவை இருப்பதில்லை. இரண்டு வருடத்தில் மாணவர் முட்டிக்கொள்வார். பிரிட்டனிலிருந்து வரும் ஓபோ என்றால் இன்னொரு கேள்வி. அங்கே பழக்கத்தில் உள்ள ‘தம்ப் பிளேட்’ முறையில் பி ஃபிளாட், சி ஸ்வரங்களுக்கு இடது கட்டைவிரல் வேலை செய்கிறது. பிரெஞ்சு முறையில் வலது ஆள்காட்டி விரல். ஆசிரியர் வாசிப்பது எது என்று தெரியாமல் பணம் அனுப்புவது அசட்டுத்தனம். அவரே ஊதிப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

ஈட்டி இனம் முழுவதும் 2017இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் வந்தபோது இசைக்கலைஞர்கள் கலங்கினார்கள். செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது.

கையிருப்பு முழுவதையும் குழலில் கொட்டும் பெற்றோர் மறப்பது சீவாளியை. தினமும் வாசித்தால் ஒன்று சில வாரங்களே தாங்கும். தேர்ந்த கலைஞர்கள் நாணலைத் தாங்களே சீவிக்கொள்கிறார்கள். மாணவருக்கோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், மாதாமாதம்.