வளவிலே நிற்கும் வேம்பு

சோளகம் ஓய்ந்து வாடைக்காற்று எழும் காலம் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் ஆண்டுதோறும் ஒரு வழக்குத் தொடங்கும். "அந்த மரத்தைத் தறித்துவிட வேண்டும்" என்பார் ஒருவர். "அதன் நிழலிலேதானே நீங்களெல்லாம் வளர்ந்தீர்கள்" என்பார் மற்றொருவர். நமது வீட்டில் இவ்வழக்கு அடுக்களைக்கு அருகே நிற்கும் வேம்பைப் பற்றியது. தந்தையார் நாட்டிய மரம். அதன் கொப்புகள் அம்மா படுக்கும் அறையின் ஓட்டுக்கூரைமேற் கவிந்துள்ளன. தறிக்க வேண்டுமென்ற கட்சியிலேயே நாம் இருந்தோம். மரத்தை முறையாகப் பார்க்கத் தொடங்கிய பின்னரே குற்றம் யாருடையது என்பது புலனாயிற்று.

மரத்தை அடியிலிருந்து பார்க்க வேண்டும். நம்மவரிற் பலர் அண்ணாந்து இலைகளைப் பார்த்து, "பச்சையாய்த்தானே நிற்கிறது" என்று திருப்தியடைவர். இலைக்கு நீர் கொண்டுசெல்வது தண்டின் வெளிப்புற மென்மரமே. நடுவைரம் உளுத்துப்போனாலும் இலை தளதளவென்றே இருக்கும். ஆகவே அடிமரத்தில் தட்டுத் தட்டாய்க் காளான் முளைத்திருக்கிறதா, மண் வெடித்திருக்கிறதா என்று முதலில் நோக்குக. இளமை முதலே சாய்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். புதிதாய்ச் சாய்ந்து, எதிர்ப்பக்கத்து மண் மேலெழும்பி நிற்பின், அன்றைக்கே ஆளை அழைக்க வேண்டும்.

வேர் ஆழத்தில் இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல் இரண்டடி மண்ணுக்குள்ளேயே, கொப்புகளின் எல்லையையும் கடந்து பரவுகின்றன. சுண்ணக்கல் மேலாகக் கிடக்கும் நமது குடாநாட்டில் அவை கீழே போவது இன்னும் அரிது. 2008ஆம் ஆண்டு கார்த்திகையில் நிஷா புயல் கொட்டிய மழையில் மண் கூழாகி, முறியாத மரங்களும் வேரோடு சரிந்ததை நாம் கண்டோம்.

அதைக் கண்டிருந்தும் நாம் செய்ததைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு முன் வடகிழக்கு எல்லையில் மதில் கட்டுவித்தோம். அத்திவாரக் கிடங்கிலே தொடையளவு வேரிரண்டு குறுக்கிட்டன. "மாஸ்டர், இதை என்ன செய்யிறது?" என்று மேசனார் கேட்டார். "வெட்டிவிடும்" என்றோம். வாடை வீசுவது வடகிழக்கிலிருந்து. காற்று வரும் பக்கத்து வேர்களே கயிறுபோல் மரத்தை இழுத்துப் பிடிப்பவை. வீடோ தென்மேற்கில். மரத்தை வீட்டின்மேல் விழுத்துவதற்கு இதைவிடச் சிறந்த உபாயம் பகைவனுக்கும் தோன்றியிராது.

தண்டைக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில் மட்டும் பறைபோல் ஒலித்தது. அங்கே ஒரு பொந்து; தந்தையார் அதைச் சீமெந்தால் அடைத்திருந்தார். அக்காலத்தில் அதுவே வைத்தியம். இன்று அதைக் கைவிட்டுவிட்டனர். காற்றில் மரம் அசையும், சீமெந்து அசையாது. இடுக்கில் நீர் தங்கி உழுத்தல் வளரும். மரம் நம் உடம்பைப்போற் புண்ணை ஆற்றுவதில்லை, புண்ணைச் சுற்றி உள்ளே மதில் எழுப்பி அடைத்துவிடுகிறது என்று அமெரிக்க வனவியலறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துக் கூறினார். பொந்தைச் சுரண்டித் துப்புரவாக்குவதும் அம்மதிலை உடைப்பதாகவே முடியும். பொந்துள்ள மரமெல்லாம் விழும் என்பதுமில்லை. சுற்றியுள்ள நல்ல மரத்தின் தடிப்பு, தண்டின் ஆரையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இருந்தால் தாங்கும் என்பது ஜெர்மானிய அறிஞர் மத்தெக் கண்ட அளவு. நமது வேம்பு அதற்குமேல் இருந்தது.

தென்னைக்கு இக்கணக்குப் பொருந்தாது. அதன் தண்டிற் பட்ட காயம் ஒருபோதும் மூடாது. துளையிலிருந்து பழுப்பு நீர் வடிகிறதா என்று பார்த்து, தண்டிலே காதை வைத்துக் கேளுங்கள். செவ்வண்டின் புழு அரிக்கும் ஓசை கேட்கக்கூடும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும் என்பதையும் மறவாதீர்.

வேம்பின் தலையை மொட்டையாக வெட்டிவிடலாம் என்றார் அயலவர். மறுத்தோம். மொட்டையிலிருந்து கிளம்பும் தளிர்கள் மேற்பட்டையில் ஒட்டி வளர்பவை. பெருத்தபின் அவையே முதலில் முறியும். கூரைமேற் சென்ற இரு கொப்புகளை மட்டும், அடியிலுள்ள வீக்கத்தைக் காயப்படுத்தாமல், அதற்கு வெளியே அறுப்பித்தோம்.

வெட்டிய வேர் திரும்ப வராது. ஆதலால் தை பிறக்கும்வரை முன்னறையிற் படுக்கும்படி அம்மாவை வேண்டினோம். "மரத்தில் பிழையில்லையெண்டால் நான் ஏன் தம்பி எழும்ப வேணும்? மதிலை எழுப்பினவன் அங்கே படுக்கட்டும்" என்றார். இப்பொழுது அந்த அறையில் நாமே படுக்கிறோம்.

மரத்தில் ஆணியடிக்காமல் சுண்ணாம்பால் ஒரு குறியிட்டு, அங்கிருந்து அடுக்களைச் சுவர்வரை மழைக்குப் பின் அளந்து வருகிறோம். ஆவணியில் ஐந்தடி இரண்டங்குலம் இருந்தது. சென்ற ஞாயிறும் அதுவே.