சளி இல்லை, மணமும் இல்லை!

கெடாவில் சிவகங்கா தொற்றுத் திரள் பரபரப்பூட்டிய 2020ஆம் ஆண்டில், கோவிட்டின் விசித்திர அறிகுறி ஒன்று உலகெங்கும் பதிவானது. மூக்கு அடைக்காமலேயே மோப்பம் போய்விடும். தோட்டத்து ஒட்டுப்பால் நாற்றம்கூட எட்டாது. அடுப்பில் கேஸ் கசிந்தாலும் தெரியாது. அதுதான் ஆபத்து.

வைரஸ் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 புரதம் மோப்ப நரம்பு உயிரணுக்களில் பெரும்பாலும் இல்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் துணை உயிரணுக்களில் உண்டு. துணை சிதைந்தால் நரம்பும் முடங்கும். துணை உயிரணுக்கள் மீண்டும் வளரக்கூடியவை. அதனால் பலருக்குச் சில வாரங்களில் மோப்பம் திரும்பியது. சிலருக்கு மாதக்கணக்கானது.

சுவை? மூக்கைப் பிடித்தபடி ஒரு வாய் கறி சாப்பிட்டுப் பாருங்கள். உப்பும் புளிப்பும் தெரியும், மசாலா மணம் தெரியாது. ருசியில் பெரும்பங்கு மூக்குக்குத்தான். ஆனாலும் கோவிட் கண்ட சிலருக்கு நாக்கின் சுவையும் மிளகாய்க் காரமும்கூட மங்கின.